உதவி: "சாவி" தமிழ்ச் சொல்லா? அகராதியில் "பதர்" என்று வருகிறதே

கேள்வி:
"சாவி"யின் வேரைத் தேடுகிறேன். அகராதியில் முதலில் கிடைத்த பொருள் கருகிய பயிர், பதர். அப்படியானால் "சா" என்ற வினையிலிருந்து வந்த சொல்லா? இல்லை, இந்தி "சாபி"தான் இங்கே சாவி ஆனதா?

பதில் 1:
நீங்கள் பார்த்தது வேறு சொல். "நெல்லெல்லாம் சாவியாப் போச்சு" என்கிறோமே, அந்தச் சாவிக்குத்தான் "சா" வேர். பூட்டுச் சாவி போர்ச்சுகீசிய "சாவெ". சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் (1924–1936) ஒரே எழுத்துக்கூட்டுக்குப் பல பதிவுகள் உண்டு. முதல் பதிவோடு மூடிவிடாதீர்கள். மூலமொழிக் குறிப்பு பொருளுக்கு முன்னாலேயே இருக்கும்.

"சாவெ"க்கு மூலம் லத்தீன் "க்ளாவிஸ்". "க்ளா" எப்படிச் "சா" ஆனது என்று சந்தேகம் வரும், வரவும் வேண்டும். ஒரு சொல்லை மட்டும் வைத்து நம்பக் கூடாது, இனமான சொற்களையும் சேர்த்துப் பாருங்கள். லத்தீனில் மழை "ப்ளூவியா", போர்ச்சுகீசியத்தில் "சுவா", ஸ்பானிஷில் "ல்யூவியா". கூப்பிடுவது "க்ளாமாரே", "சமார்", "ல்யமார்". தீச்சுடர் "ஃப்ளாமா", "சமா", "ல்யமா". இந்த வரிசையில் "க்ளாவிஸ்", "சாவெ", "ல்யாவே" பிசகாமல் உட்காருகிறது. இத்தாலிய "கியாவே", பிரெஞ்சு "க்ளே" இரண்டும் இதே குடும்பம். ஆங்கிலக் "கீ" இதில் சேராது.

இன்று லிஸ்பனில் "ஷாவ்" என்பார்கள். அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். முதல் எழுத்தின் பழைய ஒலி "ச்ச", இந்தி "ச்சாபி" அதைத்தான் காட்டுகிறது.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் இந்தி வழியாக வந்ததா?

பதில் 2:
அதற்குத் தேவையே இல்லை. "வ" எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தமிழிலும் மராத்தியிலும் "சாவி". வங்காளத்திலும் இந்தியிலும் அது "ப" ஆகிவிட்டது. இந்தியிலிருந்து வாங்கியிருந்தால் நாமும் "சாபி" என்றிருப்போம். போர்ச்சுகீசியர் 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்தார்கள், 1520-களில் நம் சாந்தோமிலேயே குடியேறிவிட்டார்கள். கூடவே வந்த வீட்டுச் சாமான்களையும் பாருங்கள்: ஜன்னல் "ஜனெலா", அலமாரி "அர்மாரியோ", பீப்பாய் "பீப்பா". மேஜையை மட்டும் அவசரப்பட்டு இதில் சேர்க்காதீர்கள், பாரசீகத்திலும் "மேஸ்" உண்டு.

பதில் 1:
இன்னொரு இடத்திலும் கால் இடறும். தெலுங்கில் சாவியைத் "தாளம்செவி" என்பார்கள். அங்கே "செவி" என்றால் காது. ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக அதைச் சான்றாக வைக்காதீர்கள். மலையாளத் "தாக்கோல்" நம் "தாழ்க்கோல்"தான். திறவுகோலையும் அதோடு தனிப்பட்டியலில் வையுங்கள்.