நடுகல் நூலைப் பதிப்பகத்திடம் கொடுப்பதா, நானே அச்சிட்டுக்கொள்வதா?

அரூர் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அரூர், ஊத்தங்கரை வட்டாரங்களில் இருபது ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் அலைந்து பார்த்த நடுகற்களையும், அவற்றைப் பற்றி அந்தந்த ஊர்ப் பெரியவர்கள் சொன்ன கதைகளையும் நூலாக எழுதி முடித்திருக்கிறேன். டெமி எனப்படும் வழக்கமான நூல் அளவில் 224 பக்கங்கள், அதாவது ஃபாரத்துக்குப் பதினாறு பக்கமாக 14 ஃபாரம். நாற்பது நிழற்படங்களும் உண்டு.

சென்னைப் பதிப்பகம் ஒன்று வெளியிட இசைந்திருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டு சனவரிப் புத்தகக் காட்சிக்கு முன்னால் நூல் வராது. 280 ரூபாய் விலையில் 40 விழுக்காடு கழிவு போக 150 படிகளை நான் வாங்கிக்கொள்ள வேண்டும். ராயல்டி 10 விழுக்காடு. ஒப்பந்தத்தில் ‘உரிமை முழுவதும் நிரந்தரமாகப் பதிப்பாளருக்கே’ என்று ஒரு வரி இருக்கிறது. என் மருமகனோ, தேவைக்கேற்ப அச்சிடும் நிறுவனத்தில் கோப்பை ஏற்றிவிட்டால் ஓர் ஆணை வரும்போது ஒரு படி அச்சாகி வாசகர் வீட்டுக்கே போய்விடும், கைக்காசு போடவே வேண்டாம் என்கிறார். எந்த வழியில் போவது என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பென்னாகரத்தான்:

ஐயா, 150 படிக்கு நீங்கள் கொடுக்கப்போவது 25,200 ரூபாய். முதலையும் போட்டு உரிமையையும் எழுதிக்கொடுப்பவரை முதலாளி என்றும் சொல்ல முடியாது, எழுத்தாளர் என்றும் சொல்ல முடியாது. என் கவிதைத் தொகுப்பு இப்படித்தான் ஒரு பதிப்பகத்துக்குப் போனது. ஏழு ஆண்டுகளில் ஒரு முறைகூட விற்பனைக் கணக்கு வரவில்லை. இருப்புத் தீர்ந்துவிட்டது என்றார்கள். மறுபதிப்பு போடுங்கள் என்றால் கேட்பார் இல்லை என்றார்கள். அப்படியானால் உரிமையைத் திருப்பிக் கொடுங்கள் என்றால் தொலைபேசியை எடுப்பதில்லை. இன்று என் நூல் என்னிடமே ஒரு படிதான் இருக்கிறது, அதிலும் அட்டை இல்லை.

தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் ‘இருப்பில் இல்லை’ என்ற பேச்சே எழாது. 280 ரூபாய் நூலுக்கு அச்சுக் கூலி 120, இணையக் கடையின் பங்கு 110 என்று வைத்தாலும் 50 ரூபாய் உங்கள் கைக்கு வரும். பதிப்பகம் தருவதாகச் சொல்வது 28 ரூபாய், அதுவும் தந்தால். தானே வெளியிடுவது இழுக்கு என்று நினைக்கவும் வேண்டாம். 1887-இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது முன்பணமும், நூலை வாங்கிக்கொள்வதாக முன்கையொப்பமும் தேடி அலைந்துதான் அச்சுக் கூலி கொடுத்தார்.

ஓய்வுபெற்ற நூலகர், கிருஷ்ணகிரி:

உ.வே.சா.வை இங்கே சாட்சிக்கு அழைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் பணத்துக்கு அலைந்தது உண்மைதான். ஆனால் அதைவிடப் பல மடங்கு ஏட்டுப் பிரதிகளுக்கும், ஏட்டுக்கு ஏடு மாறும் பாடபேதங்களுக்கும் அலைந்தார். தானே வெளியிடுகிறவர்களுள் எத்தனை பேர் அந்த இரண்டாவது அலைச்சலை ஏற்கிறார்கள்?

முப்பது ஆண்டுகள் நூல்களை அடுக்கியும் அட்டை ஒட்டியும் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். எழுத்தாளர்களே ஏற்றி அச்சிட்ட நூல்களில் பெரும்பாலானவற்றை வேறொருவர் படித்துப் பார்த்த அடையாளமே இருக்காது. ‘அரன்’ எது, ‘அரண்’ எது என்று தெரியாத பக்கங்கள், பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியபோது உடைந்த கொம்பும் காலும், உள்ளடக்கத்தில் ஒரு பக்க எண்ணும் உள்ளே வேறு எண்ணும். இவர் எழுதியிருப்பது கல்வெட்டுச் செய்தியும் கலந்த நூல். வட்டெழுத்து என்னும் பழைய எழுத்து முறையில் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்து அச்சேற்றிவிட்டால், அதை அடுத்து எழுதுகிறவர் எடுத்தாள்வார், அவரை இன்னொருவர் எடுத்தாள்வார், பிறகு அந்தப் பிழையே வரலாறாகிவிடும். ‘இது சரியில்லை, மறுபடி எழுதுங்கள்’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். காசு வாங்கிக்கொண்டு அச்சிட்டுத் தரும் நிறுவனம் அதைச் சொல்லாது.

கைக்கு வரும் 50 ரூபாயையும் 28 ரூபாயையும் ஒப்பிடுவது அரைக் கணக்கு. ஐம்பது ரூபாய் வீதம் அறுபது படி விற்றால் 3,000. இருபத்தெட்டு ரூபாய் வீதம் ஐந்நூறு படி விற்றால் 14,000. நம் ஊர் வாசகர் இணையத்தில் தேடி வாங்குவதைவிடப் புத்தகத் திருவிழா அரங்கில் புரட்டிப் பார்த்து வாங்குவதே அதிகம். தருமபுரியிலும் ஓசூரிலும் நடக்கும் திருவிழாக்களில் ஒரே ஒரு நூலை வைத்துக்கொண்டு யார் அரங்கு எடுக்க முடியும்? கடைக்காரரும் 35, 40 விழுக்காடு கழிவு கேட்பார். 120 ரூபாய் அச்சுக் கூலி ஆகும் நூலில் அதை எங்கிருந்து கொடுப்பது? நான் பணியில் இருந்த காலத்தில் பொது நூலகத்துறை ஃபாரக் கணக்கில்தான் நூலுக்கு விலை வைத்தது, அட்டையில் போட்டிருக்கும் விலையைப் பார்த்து அல்ல. தனிப்படியாக அச்சிட்ட நூல் அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது.

ஓசூர் அச்சகத்தார்:

இரண்டு பேரும் அச்சு முறையையும் வியாபார முறையையும் ஒன்றாகக் குழப்புகிறீர்கள். தேவைக்கேற்ப அச்சிடுவது இயந்திரத்தின் வேலை. தானே வெளியிடுவது பொறுப்பை யார் ஏற்பது என்ற கேள்வி. பெயர் பெற்ற பதிப்பகங்களே இன்று பழைய நூல்களை டிஜிட்டலில் நூறு, இருநூறு என்று அடித்து வைத்துக்கொள்கின்றன. முதல் பதிப்பு 1,200 படி என்ற வழக்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

ஆஃப்செட்டில், அதாவது பிளேட்டு என்ற அச்சுத் தகடு செய்து அடிக்கும் முறையில், டெமி இயந்திரத்தில் ஒரு வண்ணம் என்றால் ஃபாரத்துக்கு இரண்டு பிளேட்டு, 14 ஃபாரத்துக்கு 28 பிளேட்டு. ஒரு படி அடித்தாலும் ஆயிரம் படி அடித்தாலும் அந்தச் செலவு மாறாது. இயந்திரத்தில் பிளேட்டைக் கட்டி மை சீராக வரும்வரை வீணாகும் தாளும் அப்படித்தான். டிஜிட்டலில் பிளேட்டே கிடையாது, ஆகவே முதல் படிக்கும் நூறாவது படிக்கும் கூலி ஏறத்தாழ ஒன்றே. நீங்கள் சொல்லும் அளவுக்கு 70 ஜிஎஸ்எம் கனமுள்ள மேப்லித்தோ என்ற சாதாரண நூல் தாளில் என் அச்சகத்தில் நான் போடும் கணக்கு இது: தனிப்படி 120 ரூபாய், டிஜிட்டலில் மொத்தமாக 200 படி என்றால் படிக்கு 95, ஆஃப்செட்டில் 500 படி என்றால் 75. இருநூறுக்கு ஆஃப்செட்டில் போனால் நட்டம், ஐந்நூறுக்கு டிஜிட்டலில் போனால் நட்டம். நூலகர் ஐயா சொன்ன கட்டுப்படியாகாத சிக்கல் தனிப்படிக்குத்தான் முழுதாகப் பொருந்தும்.

ஆசிரியர் ஐயா படங்களைப் பற்றிக் கட்டாயம் யோசிக்க வேண்டும். நடுகல் சிற்பம் மேலோட்டமான புடைப்பு. சாய்ந்த வெயிலில் எடுத்த படத்தில்தான் வீரன் கையில் இருப்பது வில்லா வாளா என்று தெரியும். அந்தச் சாம்பல் நிற வேறுபாட்டைச் சாதாரணத் தாளில் டோனர் என்ற டிஜிட்டல் மைத்தூள் விழுங்கிவிடும். ஆர்ட் பேப்பரில் பதினாறு பக்கத்தைத் தனியாக அடித்து நடுவில் சேர்த்துக் கட்டுவது மொத்தமாக அச்சிடும்போது எளிது. தனிப்படி அச்சிடும் பல நிறுவனங்களில் உள்ளே இரண்டு வகைத் தாள் வைக்கவே முடியாது. ஒரு பக்கம் வண்ணம் என்றால் நூல் முழுவதற்கும் வண்ணக் கூலி போடுவார்கள். மருமகன் ‘கைக்காசு வேண்டாம்’ என்று சொன்னபோது இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

பாலக்கோட்டுக்காரி:

கைக்காசு வேண்டாம் என்பது கோப்பை நாமே அச்சுக்கு ஆயத்தமாகச் செய்து கொடுத்தால்தான். எனக்கு அது தெரியாததால் ‘எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொன்ன ஒரு நிறுவனத்திடம் 38,000 ரூபாய்க்குத் தொகுப்புத் திட்டம் எடுத்தேன். எடிட்டிங் என்று அவர்கள் செய்தது கணினியில் எழுத்துப்பிழை தேடியது மட்டும். என் பாட்டி பேசுவதுபோல் எழுதியிருந்த வரிகளையெல்லாம் பிழை என்று திருத்தி வைத்திருந்தார்கள். 160 பக்க நூலுக்கு 399 ரூபாய்க்குக் குறைத்து விலை வைக்க விடவில்லை. இதுவரை 43 படி விற்றிருக்கிறது, அவற்றுள் 31 எங்கள் சொந்தக்காரர்கள் வாங்கியவை. பென்னாகரத்து அண்ணன் பதிப்பகத்திடம் ஏமாந்தார், நான் பதிப்பகமே இல்லாத ஒன்றிடம் ஏமாந்தேன். ஆனால் ஒன்று: என் நூலின் உரிமை என்னிடம்தான் இருக்கிறது.

பர்கூர் வாசகர்:

மின்னூலாகவும் போடலாமே? அமேசானின் கிண்டிலில் தமிழ் நூல் ஏற்றக் காசு இல்லை. ராயல்டி 35 அல்லது 70 விழுக்காடு. இந்தியாவில் 70 வேண்டும் என்றால் அவர்களுடைய ‘கேடிபி செலக்ட்’ என்ற தொண்ணூறு நாள் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் அந்தத் தொண்ணூறு நாளும் மின்னூலை வேறெங்கும் வைக்கக் கூடாது.

வழக்குரைஞர், தருமபுரி:

எல்லோரும் விழுக்காட்டைப் பேசுகிறீர்கள். நான் ஆசிரியரின் ஒப்பந்தத்தில் உள்ள ‘நிரந்தரமாக’ என்ற அந்த ஒரு வரியைத்தான் பார்க்கிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு எழுத்தாளருக்குக் கொஞ்சம் பாதுகாப்புத் தருகிறது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். கால அளவு குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். வாங்கிய உரிமையைப் பதிப்பாளர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிராதபோது, அது காலாவதியாகிவிடும். ஆனால் ‘நிரந்தரமாக’ என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டால் அந்த ஐந்தாண்டுப் பாதுகாப்பை நீங்களே தள்ளிவிட்டவர் ஆகிறீர்கள். பதிப்புரிமை எழுத்தாளரின் வாழ்நாளுக்கும் அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் நிலைப்பது. உங்கள் பேரப்பிள்ளைகளின் காலத்தையும் சேர்த்துத்தான் கையொப்பமிடுகிறீர்கள்.

பதிப்பகத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அச்சு நூல் உரிமை மட்டும், மூன்று ஆண்டுகளுக்கு மட்டும், ஆறு மாதம் இருப்பில் இல்லாமல் போனால் உரிமை திரும்பிவிடும் என்று திருத்தி அனுப்பிப் பாருங்கள். பென்னாகரத்து நண்பர் தன் ஒப்பந்தத்தை எடுத்து வந்தால் நேரில் பார்த்துச் சொல்கிறேன்.

பென்னாகரத்தான்:

ஒப்பந்தம் என்று எதுவும் எழுதவே இல்லை, ஐயா. வாய்ப்பேச்சுதான்.

வழக்குரைஞர், தருமபுரி:

அப்படியானால் நீங்கள் ஏழு ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருப்பது உங்களிடமே இருக்கும் பொருளை. எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. தாராளமாக மறுபதிப்புப் போடுங்கள்.

பென்னாகரத்தான்:

இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். நன்றி, ஐயா. நூலகர் ஐயாவுக்கும் ஒரு கேள்வி உண்டு. பதிப்பகம் திருத்தித் தரும் என்கிறீர்கள். என் நூலில் ‘பென்னாகரம்’ என்பதே ஓரிடத்தில் ‘பெண்ணாகரம்’ என்று அச்சாகி வந்தது. நடுகல் பற்றித் தெரிந்த எடிட்டர் அந்தச் சென்னைப் பதிப்பகத்தில் இருக்கிறாரா என்று ஆசிரியர் கேட்டாரா? நம் பக்கத்துக் கல்லைப் பற்றித் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்; தருமபுரி அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களைப் பார்க்கச் சென்னைக்காரர்கள்தான் இங்கே வர வேண்டும்.

ஓய்வுபெற்ற நூலகர், கிருஷ்ணகிரி:

நியாயமான கேள்வி, கேட்டுத்தான் பார்க்க வேண்டும். எல்லாப் பதிப்பகமும் திருத்துகிறது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல பதிப்பகம் திருத்தும் என்பதும், பதிப்பகமே இல்லாதபோது அந்தக் கேள்வியே எழாது என்பதும்தான் என் வாதம்.

தானே வெளியிட முடிவு செய்தால் பதிப்பாளர் என்ற பொறுப்பு முழுவதையும் ஏற்க வேண்டும். நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணாகிய ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமில்லாமல் தருகிறது. இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அச்சிடும் நிறுவனம் கொடுக்கும் எண்ணை வாங்கினால் பதிவேட்டில் பதிப்பாளராக அவர்கள் பெயர்தான் இருக்கும். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உட்பட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் தம் செலவில் ஒவ்வொரு படி அனுப்பியாக வேண்டும். தனியாக வெளியிடுகிறவர்கள் இதைச் செய்வதே இல்லை. ஐம்பது ஆண்டு கழித்து ஒரு மாணவி அரூர் நடுகற்களைப் பற்றித் தேடினால், இணையக் கடையின் பக்கம் அப்போது இருக்குமா என்று எனக்குத் தெரியாது; கன்னிமாராவில் கொடுத்த படி பெரும்பாலும் இருக்கும்.

அரூர் ஆசிரியர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று அந்தப் பதிப்பகத்துடன் பேசினேன். உரிமையை மூன்று ஆண்டாகக் குறைக்க முடியாது என்றார்கள். நடுகல் தெரிந்தவர் யாராவது கையெழுத்துப் படியைப் படிப்பார்களா என்று கேட்டதற்கு, ‘நீங்களே ஆசிரியர்தானே, ஐயா, உங்களுக்குத் தெரியாததா’ என்றார்கள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு 25,200 ரூபாயை அங்கே கொடுக்க மனம் வரவில்லை.

மருமகன் சொன்னபடி தனிப்படி முறையையும் இப்போதைக்கு எடுக்கவில்லை, படங்களே காரணம். ஓசூரில் 200 படி டிஜிட்டலில் அச்சிட்டு, படங்களுக்கு மட்டும் ஆர்ட் பேப்பரில் பதினாறு பக்கம் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். 200 படிக்கு 19,000 ரூபாயும் படத்தாளுக்குத் தனியாகவும் ஆகும். அவை தீர்ந்தபின் வெளியூர் வாசகர்களுக்காக, படங்களைக் குறைத்த பதிப்பைத் தனிப்படி முறையில் ஏற்றிவிடுவேன். ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு விண்ணப்பித்தாயிற்று. கல்வெட்டு வாசகங்களைச் சரிபார்க்கத் துறை சார்ந்த ஒருவர் இசைந்திருக்கிறார். மொழிநடையைப் பார்க்கத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

ஓய்வுபெற்ற நூலகர், கிருஷ்ணகிரி:

இந்த ஏற்பாட்டில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை, ஐயா. இருநூறு படியைக் கட்டி வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொண்டு நீங்களே விற்று அலைவீர்கள். வேறொரு பதிப்பகத்தை இன்னும் நான்கு மாதம் தேடியிருக்கலாம். கோப்பை அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் 224 பக்கத்தையும் தாளில் எடுத்துக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பிவையுங்கள். திரையில் என்னால் படிக்க முடியாது. மெய்ப்புத் திருத்தக் குறிகள் உங்களுக்குப் பழக்கம் இல்லை என்றால் அவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்து அனுப்புகிறேன்.