மறுமொழி: ‘மோட் கன்ஃப்யூஷன்’ – குழப்பமா, மயக்கமா, மாறாட்டமா?

குழுவினருக்கு வணக்கம்.

விமானத்தின் தானியங்கி எந்த நிலையில் (மோட்) இயங்குகிறது என்பதை விமானி தவறாக எடுத்துக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘மோட் கன்ஃப்யூஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். இதுவரை வந்த பரிந்துரைகள்: முறைக் குழப்பம், பயன்முறைக் குழப்பம், முறைமயக்கம். மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. விமானி அறையில் நடப்பதோடு அவை ஒட்டவில்லை. எனவே முதலில் நடந்ததைச் சொல்லிவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

2013 ஜூலை 6. சியோலிலிருந்து 307 பேருடன் சான் பிரான்சிஸ்கோவில் தரையிறங்க வந்துகொண்டிருந்தது ஆசியானா 214, போயிங் 777. தெளிவான வானம். அந்த ஓடுபாதையின் இறங்குசரிவைக் காட்டும் கருவி அப்போது இயக்கத்தில் இல்லை. கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். விமானம் இருக்க வேண்டியதைவிட உயரத்தில் இருந்தது. சீக்கிரம் இறக்க நினைத்த விமானி, குறித்து வைத்த உயரத்துக்கு விமானத்தைக் கொண்டுபோகும் ‘ஃபிளைட் லெவல் சேஞ்ச்’ என்ற பொத்தானை அழுத்தினார். கருவியில் குறித்து வைத்திருந்த உயரமோ 3000 அடி. விமானம் அதற்கும் கீழே வந்துவிட்டிருந்தது. ஆகவே அது சொன்னதைக் கேட்டு மேலே ஏறப் பார்த்தது. அவர் ஆட்டோபைலட்டைத் துண்டித்து, எஞ்சின் நெம்புகோல்களைக் கையால் பின்னுக்கு இழுத்தார்.

அந்த இழுப்பில்தான் காரியம் கெட்டது. எஞ்சின் விசையைப் பார்த்துக்கொள்ளும் ஆட்டோத்ராட்டில் ‘ஹோல்ட்’ என்ற நிலைக்குப் போனது. அதாவது, நெம்புகோலை இனி நீ வைத்த இடத்திலேயே விட்டுவிடுகிறேன், வேகம் என் பொறுப்பில்லை என்று அர்த்தம். திரையின் மேல்விளிம்பில் அந்தச் சொல் எழுதிக் காட்டப்பட்டது. அறையில் இருந்த மூன்று விமானிகளில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. மணிக்கு 137 கடல்மைல் (நாட்) இருக்க வேண்டிய வேகம் 103 வரை சரிந்தது. கடலோரத் தடுப்புச் சுவரில் வால் மோதியது; மூன்று பேர் இறந்தார்கள்.

இதில் குழப்பம் எங்கே இருக்கிறது? அந்த நேரத்தில் அவரிடம் ‘வேகத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?’ என்று கேட்டிருந்தால், தயங்காமல் ‘எந்திரம்’ என்றிருப்பார். குழம்பியவன் தயங்குவான், பக்கத்தில் இருப்பவரைக் கேட்பான், கருவியை இன்னொரு தடவை பார்ப்பான். குழம்பியிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. தெளிவாக இருந்தார், தவறான ஒன்றில் தெளிவாக இருந்தார். ஆங்கிலக்காரர்கள் ‘கன்ஃப்யூஷன்’ என்று வைத்ததில் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வது என்ற பொருளும் அடங்கிவிடுகிறது. நம் ‘குழப்ப’த்தில் அது அடங்காது.

அந்தப் பொருள் மயக்கத்தில் இருக்கிறதே என்று யாழ்ப்பாணத்து அன்பர் எழுதியிருந்தார்:

> உருபு மயக்கம், திணைமயக்கம் என்று நம் இலக்கணக்காரர்கள் ஆண்ட சொல். ஒன்றன் இடத்தில் ஒன்று வருவதுதானே மயக்கம்? தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே உண்டு. இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

இலக்கணப்படி ஐயா சொல்வது முழுக்கச் சரி. ஆனால் ‘விபத்துக்குக் காரணம் விமானியின் முறைமயக்கம்’ என்று நாளிதழில் அச்சானால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாவம், மனிதர் மயங்கி விழுந்துவிட்டார் போலிருக்கிறது, சர்க்கரை நோயாளியோ என்று வாசகர் நினைப்பார். தொல்காப்பியரை நினைக்கும் வாசகர் நூற்றில் ஒருவர் இருந்தாலே அதிகம். விமானி நினைவிழப்பது விமானத் துறையில் தனியாகப் பேசப்படும் ஆபத்து என்பதால் இந்த இடறல் சாதாரணமானதல்ல.

என் பரிந்துரை ‘மாறாட்டம்’. ஆள்மாறாட்டம் தெரியாத தமிழர் இல்லை. ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று இருப்பதாக எடுத்துக்கொள்வது அதில் பளிச்சென்று தெரிகிறது. ஆள்மாறாட்டத்தில் வஞ்சகம் இருக்கிறதே என்பீர்கள். அந்த வஞ்சகம் ‘ஆள்’ சேர்வதால் வருவது. ‘மருந்து மாறாட்டத்தால் நோயாளி அவதி’ என்றால் யாரும் சதி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி ‘மோட்’ என்ற முன்பாதி. ‘பயன்முறை’ கைப்பேசியில் விமானப் பயன்முறையாகப் புழங்குகிறது என்பது உண்மை. ஆனால் அது பயன்படுத்துபவர் தேர்ந்தெடுப்பது. விமானத்தில் தொல்லையே, யாரும் தேர்ந்தெடுக்காமல் அது தானாக மாறிக்கொள்வதில்தான் இருக்கிறது. மேலே சொன்ன ‘ஹோல்ட்’ அப்படி வந்தது. வெறும் ‘முறை’ போட்டு ‘முறைமாறாட்டம்’ என்றால் கல்யாண வீட்டு வம்பாகிவிடும். அண்ணன் தங்கை முறையில் போய்ச் சம்பந்தம் பேசியதுபோல் ஒலிக்கிறது. ‘பாங்கு’ என்றால் தொழுகை அழைப்பு நினைவுக்கு வருகிறது. ‘இயங்குநிலை’ என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. முழுவடிவம் இயங்குநிலை மாறாட்டம், சுருக்கமாக நிலைமாறாட்டம்.

இன்னொரு விபத்தில் வைத்து உரசிப் பார்த்தேன். 1992 ஜனவரி 20 இரவு, லியோனிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் சென்ற ஏர் இன்டர் 148, ஏர்பஸ் ஏ320. இறக்கத்தைக் குறிக்க ஒரே திருகுதான். ஒரு நிலையில் அது கோணம், இன்னொரு நிலையில் நிமிடத்துக்கு எத்தனை அடி. 3.3 பாகைக்குத் திரையில் ‘-3.3’ என்று வரும். நிமிடத்துக்கு 3300 அடிக்கு ‘-33’ என்று வரும். இடையில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். 3.3 பாகையில் இறங்கினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 அடி. விமானம் இறங்கியது 3300 அடி. மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள், 9 பேர் பிழைத்தார்கள். கோணம் என்று நினைத்து அடியில் வைத்திருக்கலாம் என்பதே விசாரணையில் மிக வலுவாகக் கருதப்பட்ட காரணம். பிறகு ஏர்பஸ் அந்தத் திரையில் நான்கு இலக்கமும் தெரியும்படி மாற்றியது. ‘நிலைமாறாட்டம்’ இங்கே கச்சிதமாக உட்காருகிறது. ‘குழப்பம்’ என்று போட்டால், அந்த விமானிகள் இருவரும் கடைசி நிமிடத்தில் தடுமாறினார்கள் என்ற பொய்ச் சித்திரம் வந்துவிடும்.

நம் பக்கத்திலும் உண்டு. 1990 பிப்ரவரி 14, பெங்களூரு, இந்தியன் ஏர்லைன்ஸ் 605. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். அங்கேயும் எஞ்சின் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும் இறங்குநிலையில் விமானம் கிடக்க, வேகம் வடிந்துகொண்டே போயிற்று.

ஏர் பிரான்ஸ் 447-ஐயும் இதே பட்டியலில் சேர்த்து ஒருவர் எழுதியிருந்தார். அதை இதில் சேர்க்க வேண்டாம். 2009 ஜூன் 1 அன்று அட்லான்டிக்கின் மேல், வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்து ஆட்டோபைலட் தானே கழன்றுகொண்டது. கழன்றதை ஒலியெழுப்பிச் சொல்லியும் விட்டது. அங்கே முதலில் வந்தது எதிர்பாராத திகைப்பு. ‘இது என்ன செய்கிறது, ஏன் செய்கிறது, அடுத்து என்ன செய்யும்?’ என்று தானியங்கிகளைப் பார்த்து விமானிகள் கேட்பதாகச் சொல்லப்படும் மூன்று கேள்விகளும் திகைப்பில் வருபவைதான். மாறாட்டத்தில் கேள்வியே எழாது. ஆகவே ‘ஆட்டோமேஷன் சர்ப்ரைஸ்’ என்பதற்குத் ‘தானியங்கித் திகைப்பு’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். ‘வியப்பு’ வேண்டாம், அதில் ஒரு மகிழ்ச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் நம் கலைச்சொல் பட்டியலில் இப்படி ஏற்றலாம்:

நிலைமாறாட்டம்: தானியங்கி ஓர் இயங்குநிலையில் இருக்க, அது வேறொன்றில் இருப்பதாக உறுதியாக எண்ணிச் செயல்படுதல்.

அடுத்து, திரையின் மேல்விளிம்பில் நிலைகளை எழுதிக் காட்டும் அந்தப் பகுதிக்குப் பெயர் வேண்டும். நிலை மாறியதும் புதுச் சொல்லைச் சுற்றி பத்து விநாடி கட்டம் போட்டுக் காட்டுவது அதுதான். ஏர்பஸ்ஸில் வெள்ளைக் கட்டம், போயிங்கில் பச்சை. அங்கே வந்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று விமானிகளுக்குப் பயிற்சியும் உண்டு. ‘நிலைப்பட்டை’ என்று நான் தொடங்கி வைக்கிறேன். ‘நிலைகாட்டி’ என்றால் மற்ற எல்லாக் கருவிகளும் தாங்களும் அதுதானே என்று சண்டைக்கு வரும்.