பனிக்கட்டி: பரப்புக் கணக்கும் உருகும் வேகமும் ஏன் ஒத்துவரவில்லை?

நீர்க்குமிழி:
25 மி.லி. தண்ணீர் உறைந்தால் சுமார் 27 கன செ.மீ. கட்டி கிடைக்கும். உருண்டையாக இருந்தால் பரப்பு 43.5 ச.செ.மீ., கனசதுரம் 54, 6×4.5×1 செ.மீ. தகடு 75. தகடு உருண்டையைவிட 1.7 மடங்கு வேகமாக உருக வேண்டும் அல்லவா? தண்ணீரில் போட்டால் அவ்வளவு வித்தியாசம் தெரிவதில்லையே!

பாதரசம்:
கட்டி மிதப்பதை விட்டுவிட்டீர்கள். பருமனில் 8% நீருக்கு மேலே நிற்கும். தகட்டுக்கு ஒரு முழு முகமே வெளியே போய்விடுகிறது. நீர் படும் பரப்பை மட்டும் போட்டுப் பாருங்கள்: தகடு 46, கனசதுரம் 42, உருண்டை 36. காற்று தரும் வெப்பம் நீர் தருவதைவிட மிகக் குறைவு. அதனால் 1.7 மடங்கு 1.3க்கு இறங்கிவிடும். தவிர, கனசதுரத்தின் மூலைகளுக்கு மூன்று பக்கமும் வெப்பம் வருவதால் அவைதான் முதலில் கரையும்; சீக்கிரமே அதுவும் கிட்டத்தட்ட உருண்டைதான்.

உறைநிலை:
முழுப் பரப்பும் வேலை செய்ய வேண்டுமானால் கம்பிவலையை மேலே வைத்து அமுக்கி மூழ்கடியுங்கள். ஒவ்வொரு கட்டிக்கும் தனிப் பாத்திரம், 25 டிகிரியில் 500 மி.லி. நீர். அச்சிலிருந்து எடுத்ததும் போடக் கூடாது. மேலே படிந்த வெண்பூச்சு போய் ஈரம் மினுங்கும் வரை பொறுங்கள். இல்லையேல் தொடக்க வெப்பநிலை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். போடும் முன் எடை பார்த்துக்கொள்ளுங்கள். "முழுதும் உருகிய நேரம்" என்று அளக்காதீர்கள். கடைசிச் சில்லு எப்போது மறைந்தது என்பதை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. 2 நிமிடத்தில் வெளியே எடுத்து, ஒற்றித் துடைத்து, மீண்டும் நிறுத்துப் பாருங்கள். கலக்கவே கூடாது. லேசாகக் கலக்கினாலும் கட்டியைச் சுற்றியுள்ள குளிர்நீர் உறை கலைந்து, வடிவத்தின் விளைவை அமுக்கிவிடும்.

நீர்க்குமிழி:
அப்படியானால் தகடு போட்டால் தண்ணீர் கூடுதலாகக் குளிருமா?

பாதரசம்:
குளிராது. ஒரு கிராம் உருக 334 ஜூல். வடிவம் எதுவானாலும் 25 கிராமுக்கு 8350 ஜூல்தான். உங்கள் 500 மி.லி. நீர் எப்படியும் சுமார் 5 டிகிரி குறைந்து 20 டிகிரிக்கு வரும். வேகம் மட்டுமே மாறும்.

உறைநிலை:
இன்னொன்று: நீரின் வெப்பநிலையும் கட்டியைச் செதுக்கும். நீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி; அதனால் சுற்றியுள்ள நீரின் வெப்பநிலையைப் பொறுத்து, கட்டியை ஒட்டிய குளிர்நீர் மேலேயோ கீழேயோ ஓடும். 2022இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பனி உருளையை நீருக்குள் நிறுத்திப் பார்த்தார்கள். 5 டிகிரிக்குக் கீழே முனை கீழ்நோக்கிக் கூரானது, 7க்கு மேலே மேல்நோக்கி. நடுவில் பக்கமெல்லாம் அலையலையாகக் குழிந்தது. ஆகவே குளிர்ந்த நீரில் எடுத்த அளவை 25 டிகிரி அளவோடு சேர்த்து வைக்காதீர்கள்.