கஞ்சிக்கோடு வட்டாரத்தில் குண்டுகரிச்சான் கூடுகள்: தகவல் தேவை

அனைவருக்கும் வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கஞ்சிக்கோடு, வாளையாறு பகுதிகளின் ஆலைப் புகையும் தூசியும், கருப்பு வெள்ளை நிறப் பாடும் பறவையான குண்டுகரிச்சானின் இனப்பெருக்கத்தையும் பாட்டையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதை வரும் மார்ச் முதல் ஜூலை வரை கவனிக்க இருக்கிறோம். பெல்ஜியத்தில் உலோக உருக்காலைக்கு அருகே வாழும் பட்டாணிக்குருவிகள் குறைவாகப் பாடுவதாகவும், குறைந்த வகைப் பாட்டுகளையே பாடுவதாகவும் ஆய்வாளர்கள் முன்பே கண்டறிந்துள்ளனர். எனவே நம் பக்கத்திலும் பார்ப்பது வீண் வேலை ஆகாது.

ஆலைகளுக்கு அருகிலோ, ஒப்பிடுவதற்காகக் கொழிஞ்சாம்பாறை போன்ற தோப்புப் பகுதிகளிலோ வசிப்பவர்கள், சுவர்ப் பொந்து, மரப்பொந்து, உடைந்த குழாய் ஆகியவற்றுள் புல்லும் வேரும் திணித்த கூட்டைக் கண்டால் இடத்தை மட்டும் தெரிவியுங்கள். விடியலில் ஆண் பறவை கம்பத்து உச்சியில் வாலைத் தூக்கிப் பாடுவதைக் கைபேசியில் பதிந்து அனுப்பினால் பேருதவி. கூட்டையோ முட்டையையோ தயவுசெய்து தொட வேண்டாம். ஆர்வத்தில் எட்டிப் பார்ப்பதே பெரிய தொல்லை. மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரும் எங்களுக்குத் தேவை.