டிஎன்ஏ வரிசை தெரிந்த பிறகும் புரோட்டியோமிக்ஸ் எதற்கு?

கேள்வி: மனித மரபணுத் தொகுதியைப் பெரும்பாலும் 2003-லேயே படித்துவிட்டார்களே, அப்புறம் புரதங்களை மொத்தமாக ஆராயும் புரோட்டியோமிக்ஸ் ஏன்?

பதில் 1: எல்லா செல்லிலும் ஏறக்குறைய ஒரே டிஎன்ஏதான், ஆனால் நரம்பு செல்லும் கல்லீரல் செல்லும் ஒன்றா? எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் வித்தியாசமே. சுமார் 20,000 மரபணுக்களிலிருந்து அதைவிடப் பல மடங்கு புரத வடிவங்கள் வருகின்றன, பாஸ்பேட் என்ற சிறு வேதித் தொகுதி ஒன்று புரதத்தில் ஒட்டினாலே அதன் வேலை மாறிவிடலாம்.

கேள்வி கேட்டவர்: சரி, புரதம் தயாரிக்க மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகலான ஆர்என்ஏவை அளந்தால் போதாதா?

பதில் 1: போதாது. ஆர்என்ஏ, புரதம் இரண்டின் அளவும் பல நேரம் ஒத்துப்போவதில்லை.

பதில் 2: அளக்கும் முறைதான் சுவாரசியம். டிரிப்சின் நொதி லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் வரும் இடங்களில் புரதத்தை வெட்டும், அந்தத் துண்டுகளின் நிறையை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி அளக்கும், தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு எந்தப் புரதம் என்று கணினி சொல்லும். தலைவலி என்னவென்றால், ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் ஏராளம், நாம் தேடும் அரிய புரதம் அதில் காணாமல் போய்விடும்.