"பனி உருகுமுன் பாருங்கள்": அண்டார்க்டிகா விளம்பரங்களால் அக்கறை வளர்கிறதா?

கடலோடி (கேள்வி): பனி உருகுமுன் பார்த்துவிடுங்கள் என்று அழைக்கும் நிறுவனங்களே, போய் வருபவர்கள் அண்டார்க்டிகாவின் தூதர்களாகத் திரும்புவார்கள் என்றும் விளம்பரம் செய்கின்றன. இதனால் பயணிகளின் சூழல் அக்கறை உண்மையிலேயே வளர்கிறதா?

நெய்தல்: 1966இல் பயணிகளை அங்கே அழைத்துச் சென்ற பயண ஏற்பாட்டாளர் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட், நேரில் கண்டவரே காக்க முன்வருவார் என்று நம்பினார். அந்த நம்பிக்கைதான் இன்று விற்பனை வாசகமாகியிருக்கிறது. என் கணிப்பில், விளம்பரத்தைவிடக் கப்பலின் நடைமுறைகளே அதிகம் கற்பிக்கின்றன: காலணியின் அடியில் சிக்கிய விதைகளைத் தூரிகையால் நீக்கி, கிருமிநாசினியில் நனைத்து, பென்குயினிடமிருந்து 5 மீட்டர் விலகி நிற்கும்போது, தாம் அங்கே அந்நியர் என்பது எவருக்கும் உறைக்கும்.

குறிஞ்சி: ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்தக் கவனம் கரையோடு நின்றுவிடுகிறது. பயணிகள் பெரும்பாலும் கப்பலேறும் அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயா வரையிலான நெடுந்தூர விமானப் பயணத்தின் கரிம உமிழ்வை, நீலப் பனிப்பாறைப் படங்கள் நிறைந்த விளம்பர ஏடுகளில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

முல்லை: மறுமுனையில், வடதுருவப் பகுதியிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளில் நார்வே அரசு பயணிகளின் நல்லெண்ணத்தை நம்பியிருக்கவில்லை. பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்று 2025 முதல் சட்டமாகவே விதித்துவிட்டது. மார்ச் முதல் ஜூன் வரை அது 500 மீட்டர். கரடியை அருகில் காட்டும் விளம்பரப் படங்கள் அதற்கேற்ப மாறியாக வேண்டும்.