இரண்டு பெல்ட்டைத் தின்ற சின்னப் புல்லி

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். சித்தூர் தாலுகா என்றதும் ஆந்திரா என்று நினைத்துவிடாதீர்கள், இது பாலக்காட்டுச் சித்தூர். ஜூன் மழை விழுந்து பத்து நாள் போனால் புல் முழங்காலைத் தொடும். வெட்ட ஆள் கிடைப்பதில்லை. ஒரு பங்களாவில் கழித்துவிட்ட, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி டிராக்டரை வாங்கினேன். அமெரிக்க வண்டி, 42 அங்குல வெட்டுத் தட்டு, அடியில் இரண்டு கத்திகள்.

வந்த நாளிலிருந்தே பெல்ட் தொல்லை. முதலில் பொள்ளாச்சியில் மாவு மில்லுக்குப் போடும் ‘ஏ’ அளவு ‘வி’ பெல்ட்டை வாங்கி மாட்டினேன். அரை அங்குல அகலம், நீளமும் சரி. நான்காம் நாள் ரப்பர் கருகிய வாடை. மில்லில் பெல்ட் ஒரே பக்கமாகத்தான் வளைகிறது. இங்கே இழுவைப் புல்லி, அதாவது பெல்ட் தொய்யாமல் இறுக்கிப் பிடிக்கும் சின்னச் சக்கரம், அதன் முதுகிலும் அழுத்துகிறது. கத்தியை ஓடவிடும்போதெல்லாம் வழுக்கிப் பிடிக்கிறது. அதைத் தாங்க உள்ளே அராமிட் என்ற வலுவான செயற்கை இழை போட்ட பெல்ட் வேண்டும். அதையும் வரவழைத்தேன். இரண்டே வாரத்தில் ஒரு ஓரம் மட்டும் நார்நாராகக் கிழிந்தது.

அப்போதுதான் புத்தி வந்தது. ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, தட்டை இறக்கி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றிப் பார்த்தேன். கத்திப் புல்லிகள் இரண்டும் சத்தமில்லாமல் ஓடின. உள்ளங்கை அகல இழுவைப் புல்லி மட்டும், ஆட்டுக்கல்லில் மணல் விழுந்ததுபோல் நறநறத்தது. ஆட்டிப் பார்த்தால் தலையும் சாய்த்தது. சாய்ந்த புல்லிதான் பெல்ட்டின் ஓரத்தை அறுத்திருக்கிறது.

பேரிங்கின் மேல் 6203 என்று தெரிந்தது. அதற்கு அடுத்து இருந்த எழுத்தைத் துரு தின்றிருந்தது. கடையில் எண்ணைச் சொன்னதும் தண்ணீர் மோட்டாருக்குக் கொடுக்கும் 6203ஐ எடுத்து நீட்டினார்கள். வெளிவட்டம் 40 மில்லிமீட்டர், புல்லிக்குள் நகமும் சதையுமாக உட்கார்ந்தது. உள்துளையில்தான் ஏமாந்தேன். சாதாரண 6203இன் துளை 17 மில்லிமீட்டர். என் வண்டியில் பேரிங்குக்குள் போல்ட்டைச் சுற்றி நிற்கும் குழல் 5/8 அங்குலம், அதாவது 15.875 மில்லிமீட்டர். லொடலொடவென்று ஆடியது. பிஸ்கட் டப்பாத் தகரத்தை வெட்டிச் சுற்றி இறுக்கினேன். ஒரு மத்தியானம் ஓடியது.

சித்தூரிலிருந்து வந்த மெக்கானிக் சேட்டன் தகரத்தை உருவி வெளியே போட்டுவிட்டுச் சொன்னார்: “இது அங்குலக்காரன் வண்டி. மில்லிமீட்டர் பேரிங்கைக் கொடுத்தால் எப்படி ஏற்றுக்கொள்ளும்?” 5/8 துளையோடும் 6203 வருகிறதாம், துரு தின்ற எழுத்து அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். இடைவெளியை நிரப்ப ஒரு மெல்லிய வளையம், அதாவது புஷ், கடையலாமா என்று கேட்டேன். சுவர் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் வரும், நிற்காது என்றார். லேத் பட்டறையில் குழலையே புதிதாகக் கடைந்து வாங்கினோம். வெளியே 17 மில்லிமீட்டர், நடுவில் பழைய போல்ட்டுக்கான துளை. இனி எந்தக் கடை பேரிங்கும் போதும்.

பேரிங்கைப் புல்லிக்குள் அடித்து ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டும், அதே அளவுக் குழாய்த் துண்டை வைத்துத் தட்டுங்கள். உள்வளையத்தில் அடி விழுந்தால் குண்டு ஓடும் பாதையில் தழும்பு விழுந்து, புதுப் பேரிங்கே நறநறக்கும்.

பேரிங் செத்ததற்குப் பாதிக் காரணம் நான்தான். வேலை முடிந்ததும் வண்டியை உற்சவ யானைபோல் நிறுத்தி, மோட்டார்த் தண்ணீரைப் பீய்ச்சிக் குளிப்பாட்டுவேன். அந்த வேகத்தில் தண்ணீர் பேரிங்கின் மூடியான ‘சீல்’ என்பதைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது. மீதிக் காரணம் பன்னாடை. அதன் நார் புல்லிக்கு அடியில் கயிறாக முறுக்கிக்கொண்டு அந்த மூடியை அறுக்கிறது. இப்போது காய்ந்த பிரஷ்தான், வாரம் ஒரு முறை கத்தியால் நாரை அறுத்து எடுப்பதும் உண்டு.

இதைப் படித்துவிட்டு நகரியிலிருந்து ஒருவர்:

நாங்கள் விசைத்தறிக்காரர்கள், பெல்ட்டோடு பிறந்தவர்கள். மாந்தோப்பில் இதே மாதிரி வண்டி ஓடுகிறது. புல்லியை மாற்றிவிட்டீர்கள், நேர் பார்த்தீர்களா? இரண்டு கத்திப் புல்லிகளின் முகத்திலும் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நான்கு விளிம்பிலும் நூல் தொட வேண்டும். புல்லியில் பெல்ட் ஓடும் பள்ளத்தின் அடியையும் பாருங்கள். ‘வி’ பெல்ட் பக்கச் சுவரைத்தான் பிடிக்க வேண்டும். அடிப்பகுதி பளபளத்தால் பெல்ட் பள்ளத்தின் அடியைத் தொடுகிறது என்று அர்த்தம். பெல்ட் புதிதாக இருந்தும் அப்படியென்றால் அந்தப் புல்லியை மாற்றிவிடுங்கள்.

மறையூரிலிருந்து:

எங்கள் வண்டியில் இழுவைப் புல்லி நன்றாகவே இருந்தது. அதைத் தாங்கும் கை துருப்பிடித்து நின்றுவிட்டதால் ஸ்பிரிங் இழுக்கவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்ததும் சரியானது. அதற்குள் யாரோ சொன்னார்கள் என்று பெல்ட்டில் குங்கிலியப் பொடி தூவியிருந்தேன். புழுதியெல்லாம் அதில் ஒட்டி, சுரண்டி எடுக்கவே அரை நாள் ஆனது.

மறுபடி கொழிஞ்சாம்பாறை:

நகரி அண்ணா, நேற்று நூல் பிடித்துப் பார்த்தேன். இடது புல்லியில் ஒரு விளிம்புக்கும் நூலுக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயம் தாராளமாக நுழைகிறது. போன மாதம் அந்தப் பக்கம்தான் புல்லுக்குள் கிடந்த தேங்காயில் கத்தி மோதியது. அன்று கத்தியை மட்டும் சாணை பிடித்து மாட்டிவிட்டேன். தட்டை மறுபடி இறக்கியாயிற்று.